அரைகுறையில் நிற்கும் கைவேலைகள்: எதை முடிப்பது, எப்படி முடிப்பது, எதைப் பிரிப்பது

முடியாத கைவேலைகள் குவிந்து கிடந்தால் வீட்டில் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்துவிடுவார்கள். பையைத் திறந்து பார்த்தால் விஷயம் வேறு. ஒவ்வொரு வேலையும் ஒரு குறித்த இடத்தில் நின்றிருக்கும். ஒன்றில் நூல் தீர்ந்திருக்கும். ஒன்றில் கணக்குப் பிழைத்திருக்கும். இன்னொன்று முழுவதும் பின்னி முடிந்து, கைகளைப் பொருத்த ஆளில்லாமல் கிடக்கும். எதனால் நின்றது என்று தெரிந்துவிட்டால் அடுத்த அரை மணித்தியாலத்தில் என்ன செய்யலாம் என்பதும் தெரிந்துவிடும். அதனால் குவியலைக் குரோசே, நிற்றிங், எம்பிறோய்டறி என்று வகை பிரிப்பதால் பெரிய பயன் இல்லை. நின்ற காரணத்தை வைத்துப் பிரியுங்கள்.

வெளியே எடுத்தல்

ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை இந்த வேலையைத் தொடங்காதீர்கள். யாழ்ப்பாணத்து மாரியில் வெளியே எடுத்த துணியும் நூலும் ஈரத்தை இழுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போகும், பிறகு பூஞ்சணம்தான். தை பிறந்து வெயில் ஏறிய ஒரு நாளில், விறாந்தையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் எல்லாவற்றையும் கொட்டுங்கள். வெள்ளை விரித்தால்தான் விழுகிற பூச்சி, முட்டை, தூள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நேர் வெயில் வேண்டாம், சாயம் வெளிறும்.

முதல் வேலை ஊசிகளை எடுப்பது. துணியில் குத்தி விட்ட ஊசி, குண்டூசி, எம்பிறோய்டறி வளையம், கண்ணிகளோடு நிற்கிற நிற்றிங் ஊசி எல்லாம் இதில் அடங்கும். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. உருக்கு ஊசி சில மாதங்களில் துரு விட்டு, அது குத்தி நின்ற இடத்தில் மண்ணிறப் புள்ளி விழும். வளையத்தை இறுக்கியபடி விட்டால் மடிப்பில் அழுக்குத் தங்கி வட்டமாகக் கறை பிடிக்கும். நிற்றிங்கில் கண்ணிகளை ஊசியிலேயே விட்டுவைத்தால் அந்த வரிசை நீண்டு, பிறகு பின்னும்போது குறுக்கே ஒரு கோடு தெரியும். கண்ணிகளை ஒரு மாறுநிறப் பருத்தி நூலில் கோத்து, நூலின் இரண்டு நுனியையும் முடிச்சுப் போட்டு விடுங்கள். ஊசியை எடுக்கமுதல் அதன் அளவை எழுதிவையுங்கள்.

பூச்சி பார்ப்பதை இதோடு சேர்த்துச் செய்யலாம். கம்பளி வூலில் சிறு துளைகள், அறுந்த இழை, மணல் போன்ற எச்சம் தெரிந்தால் அந்தப் பொருளை மற்றவற்றிலிருந்து உடனே தூரப் பிரியுங்கள். உறுதியான பிளாஸ்ரிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, குளிர்ப்பெட்டியின் உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வர விட வேண்டும். இல்லாவிட்டால் வியர்த்து நனையும். செயற்கை இழையான அக்றிலிக்கைப் பூச்சி பெரிதாகத் தொடாது. கஞ்சி போட்டு மடித்த பருத்தித் துணியை இராமபாணமும் கரப்பொத்தானும் தேடி வரும், ஏனென்றால் அவை தின்பது கஞ்சியின் மாவை.

இந்தக் குவியலில் கொளுக்கி பிடுங்கிய சட்டையும் போல்ஸ் தைக்காத சாறியும் கட்டாயம் வந்து சேர்ந்திருக்கும். அவற்றைக் கைவேலையோடு எண்ண வேண்டாம். வேறு பையில் போடுங்கள். குவியல் பெரிதாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அவைதான்.

துண்டுச் சீட்டு

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பை, ஒவ்வொரு பைக்கும் ஒரு சீட்டு. கொப்பித்தாளில் பென்சிலால் எழுதுங்கள்; பேனை மை ஈரத்தில் ஊறித் துணிக்கு இறங்கும். என்ன வேலை, யாருக்கு, மாதிரி எங்கே இருக்கிறது, நூலின் பெயர், நிற எண், சாய எண் (ஒரே தொகுதியாகச் சாயமிட்ட நூலுக்குச் சுற்றுத்தாளில் இருக்கும் எண்), ஊசி அளவு, எந்த வரிசையில் நிற்கிறது, ஏன் நின்றது, அடுத்த வேலை என்ன. ஒரு சீட்டு இப்படி இருக்கும்:

"குழந்தைச் சுவெற்றர், வெளிர் மஞ்சள், 8 பிளை அக்றிலிக், 4 மி.மீ. ஊசி. முதுகு முடிந்தது. இடது முன்பக்கம் 34ஆம் வரிசை, அக்குள் குறைப்பு தொடங்கவில்லை. நூல் 60 கிராம் மிச்சம். பிள்ளைக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. அடுத்தது: அளவு தீர்மானிக்க."

8 பிளை என்பது நூலின் தடிப்பு. சீட்டின் கடைசிச் சொல்தான் முக்கியம். "முடிக்க வேண்டும்" என்று எழுதினால் அது அடுத்த வேலை ஆகாது. "எட்டு நூல் நுனி செருக", "நீல நூல் ஒரு கட்டு வாங்க" என்று, இருந்த இருப்பில் செய்யக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும்.

ஊசி அளவில் ஒரு குழப்பம் வரும். வீட்டில் கிடக்கும் பழைய நிற்றிங் ஊசிகளில் பிரித்தானியப் பழைய எண் பொறித்திருக்கும். அதில் எண் கூடக் கூட ஊசி மெல்லியது: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ., 6 என்றால் 5 மி.மீ. அமெரிக்க எண் நேர் எதிர். அங்கே 8 என்பது 5 மி.மீ. அமெரிக்க மாதிரியில் 8 என்று போட்டிருக்க, அலுமாரியில் இருக்கும் 8ஆம் ஊசியால் பின்னினால் சட்டை சிறுத்துத்தான் வரும். சீட்டில் மி.மீ. மட்டும் எழுதுங்கள்.

நூலின் சுற்றுத்தாள் தொலைந்திருந்தால் ஒரு விரல் நீள இழையைச் சாவணத்தால் பிடித்து, உலோகத் தட்டின்மேல் எரித்துப் பார்க்கலாம். கம்பளி தலைமயிர் கருகிய மணத்தோடு எரிந்து, சாம்பல் விரலில் நொறுங்கும். பருத்தி கடதாசி எரியும் மணம் தரும். அக்றிலிக் உருகிக் கடினமான மணியாகும். துவைப்பதும் இஸ்திரி போடுவதும் இதைப் பொறுத்தது என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

நூல் தீர்ந்து நின்றவை

முதலில் எவ்வளவு தேவை என்று கணக்கிடுங்கள், பிறகு கடைக்குப் போங்கள். சமையலறைத் தராசு ஒரு கிராம்வரை காட்டினால் போதும்.

வட்டமான குரோசே விரிப்பில்தான் பலரும் ஏமாறுவது. 60 செ.மீ. விட்டத்துக்குத் திட்டமிட்ட மேசை விரிப்பு 30 செ.மீ. வந்திருந்தால் பாதி முடிந்ததாகக் கண் சொல்லும். உண்மையில் முடிந்தது கால்வாசி. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது, 42 செ.மீ. வந்தால்தான் பாதி. 30 செ.மீ. துண்டு 20 கிராம் இருந்தால் முழு விரிப்புக்கு 80 கிராம் வேண்டும், இன்னும் 60 கிராம், அதன்மேல் பத்து வீதம் சேர்த்து 66. நேரமும் இதே கணக்குத்தான். கடைசிச் சுற்றுகள் ஒவ்வொன்றும் தொடக்கச் சுற்றுகளைப் போலப் பல மடங்கு நேரம் எடுப்பதால்தான் இவை ஓரத்துக்கு வந்த பிறகும் முடியாமல் கிடக்கின்றன. 42 செ.மீ.யில் ஒரு சிறிய ஓரம் போட்டு நிறுத்திவிட்டால் பூச்சாடியின் கீழே விரிக்க நல்ல அளவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பூப்பூவாகப் பின்னி இணைக்கும் விரிப்பு என்றால் இலகு: ஒரு பூவை நிறுத்து, தேவையான பூக்களால் பெருக்கி, இணைக்கும் நூலுக்குப் பதினைந்து வீதம் கூட்டுங்கள்.

நிற்றிங்கில் ஒரு வரிசைக்குத் துணியின் அகலத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நூல் வேண்டும். கடைசியாகக் கண்ணிகளை மூடும் வரிசைக்கு நான்கு மடங்கு ஒதுக்குங்கள். 40 செ.மீ. அகலம் என்றால் 160 செ.மீ. நூல் கையில் இருக்கும்போதே மூடத் தொடங்க வேண்டும்.

குறொஸ் ஸ்ரிச்சில், அதாவது கட்டத் துணியில் பெருக்கல் குறிபோலத் தைப்பதில், ஒரு நூல்கட்டு 8 மீற்றர், அதில் ஆறு இழை. 14 எண் அயிடா துணியில் (அங்குலத்துக்கு 14 கட்டம் வரும் துணி) இரண்டு இழையாகத் தைத்தால் ஒரு கட்டிலிருந்து 24 மீற்றர் தையல் நூல் வரும். ஒரு தையலுக்கு முன்னும் பின்னுமாக 9 மி.மீ. அளவு போகும். தொடங்குவது, முடிப்பது, வெட்டிப் போடுவது எல்லாம் கழித்தால் ஒரு கட்டில் 1,800 தையல்வரை எதிர்பார்க்கலாம். மாதிரியில் அந்த நிறக் கட்டங்களை எண்ணினால் எத்தனை கட்டு என்பது தெரிந்துவிடும்.

டிஎம்சியும் ஆங்கரும் நூல் நிறுவனங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி நிற எண். மாதிரி டிஎம்சி எண்ணில் இருந்து கடையில் ஆங்கர் மட்டும் கிடைத்தால் மாற்று அட்டவணை உதவும். கறுப்பு டிஎம்சி 310க்கு ஆங்கர் 403; கடுஞ்சிவப்பு 666க்கு ஆங்கர் 46. மற்ற நிறங்களில் அட்டவணை சொல்வது கிட்டத்தட்டத்தான். பகல் வெளிச்சத்தில் கடை வாசலில் வைத்து ஒப்பிடுங்கள். கடைக்குள் மின்விளக்கில் பச்சையும் நீலமும் ஏமாற்றும். ஒரு பூவின் பாதி பழைய நூலிலும் பாதி புதிய நூலிலும் வரக்கூடாது. புதிய நூலைத் தனி இலைக்கோ தனிப் பூவுக்கோ ஒதுக்கினால் வித்தியாசம் வேண்டுமென்று செய்ததுபோல இருக்கும்.

லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வந்த வூல் தீர்ந்துபோனால் அதே சாய எண் திரும்பக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். கொண்டு வந்தவர் அடுத்த முறை வரும்போது அதே நிறப் பெயரில் வேறு சாயம்தான் வரும். மிச்சப் பழைய நூலையும் புதியதையும் எட்டு வரிசைக்கு இரண்டு இரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னினால் எல்லை மறையும். நிறம் மிகவும் விலகினால் ஓரப்பட்டி, கழுத்து, கைமுனை மூன்றையும் முழுக்க வேறு நிறத்தில் போடுங்கள். ஏற்கெனவே பின்னிய ஓரத்தைப் பிரித்தால் உடலுக்கு நூலும் கிடைக்கும்.

கணக்குப் பிழைத்து நின்றவை

இவைதான் குவியலில் கூட. முதலில் மாதிரி எந்த முறையில் எழுதப்பட்டது என்று பாருங்கள். குரோசேயில் "சிங்கிள்" என்ற சொல் வந்தால் அது அமெரிக்க மாதிரி; பிரித்தானிய முறையில் அந்தச் சொல் வராது. அமெரிக்க சிங்கிள் என்ற குட்டைத் தையல்தான் பிரித்தானிய டபிள். அமெரிக்க டபிள் என்ற உயரத் தையல்தான் பிரித்தானிய திரெபிள். இங்கே பாடசாலையில் கற்றவர்களின் கை பிரித்தானிய முறைக்குப் பழகியது. இணையத்தில் எடுத்த மாதிரியோ அமெரிக்க முறையில் இருக்கும். டபிள் என்ற இடத்தில் குட்டைத் தையலைப் போட்டால் கூட்டல்கள் மிஞ்சி வட்டத்தின் ஓரம் அலையடிக்கும். எதிர்மாறாகக் குட்டைத் தையலுக்கு உயரத் தையல் போட்டால் ஓரத்துக்குச் சுற்றளவு போதாமல் கிண்ணம்போல் குவியும். அலையடிப்பதை இஸ்திரியால் அடக்க முடியாது. முதல் மூன்று சுற்றுக்கு மேலே பிழை என்றால் அந்தச் சுற்றுவரை பிரியுங்கள். மையத்திலிருந்தே பிழை என்றால் முழுதும் பிரித்துத் தொடங்குவதுதான் விரைவு.

நிற்றிங்கில் எந்த வரிசையில் நிற்கிறோம் என்பதைத் துணியே சொல்லும். பிளேன் (நேர்க் கண்ணி) மட்டும் பின்னிய துணியில் ஒரு மேடு என்பது இரண்டு வரிசை. பிளேன் ஒரு வரிசை, பேர்ல் (எதிர்க் கண்ணி) ஒரு வரிசை என்று வந்த துணியில் முன்பக்கத்தில் "வி" வடிவங்களை மேலிருந்து கீழாக எண்ணுங்கள். ஊசியில் நிற்கும் கண்ணியும் ஒரு வரிசை. பத்து வரிசைக்கு ஒரு மாறுநிற நூல் துண்டைக் கட்டிக்கொண்டு எண்ணினால் திரும்ப எண்ண வேண்டிவராது.

பிரிக்கமுதல் பாதுகாப்பு நூல் போடுங்கள். பிழைக்குக் கீழே உள்ள ஒரு நல்ல வரிசையில், மழுங்கிய ஊசியால் ஒவ்வொரு கண்ணியின் வலது காலையும் எடுத்து மெல்லிய பருத்தி நூலைக் கோத்துக்கொண்டு போக வேண்டும். கண்ணி ஒன்றும் தவறவில்லை என்று எண்ணிப் பார்த்த பிறகு மேலே உள்ளதை இழுத்துப் பிரியுங்கள். அந்த நூலில் வந்து பிரிவு நிற்கும். ஊசியில் திரும்ப ஏற்றும்போது கண்ணியின் வலது கால் ஊசிக்கு முன்பக்கம் இருக்க வேண்டும். பின்பக்கம் இருந்தால் முறுக்கிய கண்ணி. அந்த வரிசை மட்டும் இறுகித் தெரியும்.

பிரித்த நூல் சுருள் சுருளாக வரும். அப்படியே பின்னினால் துணி மேடுபள்ளமாகும். கதிரையின் முதுகில் சுற்றிக் கழியாக்கி, நான்கு இடத்தில் தளர்வாக எட்டு வடிவில் கட்டுங்கள். இளஞ்சூட்டு நீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு இருபது நிமிடம் ஊறவைத்து, முறுக்காமல் பிழிந்து, துவாயில் சுருட்டி நீரை எடுத்து நிழலில் தொங்கவிடுங்கள். கம்பளியைத் தேய்த்தாலோ சுடுநீரிலிருந்து குளிர்நீருக்கு மாற்றினாலோ சுருங்கித் தடித்துவிடும். அக்றிலிக்குக்கு வெந்நீர் வேண்டாம், சுருள் முழுதாகப் போகாது, போனது போதும்.

நீண்ட நாளுக்குப் பிறகு தொடரும்போது கை இறுக்கம் மாறியிருக்கும். 4 மி.மீ. ஊசியில் 8 பிளை நூல் வழமையாக 10 செ.மீ.க்கு 22 கண்ணி. 88 கண்ணித் துண்டு 40 செ.மீ. வரும். இப்போது கை தளர்ந்து 20 கண்ணி வந்தால் அதே 88 கண்ணி 44 செ.மீ. ஆகும். அதனால் பழைய துண்டில் நேரே தொடங்காமல் சிறிய மாதிரித் துண்டு ஒன்று பின்னி அளந்து, தேவையானால் ஊசியை ஒரு அளவு குறைத்தோ கூட்டியோ எடுங்கள்.

குறொஸ் ஸ்ரிச்சில் ஒரு கட்டம் தள்ளிப்போனது எப்போதும் பெரிய விஷயமில்லை. ஒரு தனிப் பூ ஒரு கட்டம் வலப்பக்கம் நின்றால் யாரும் காணப்போவதில்லை. ஓரச் சட்டம், எழுத்து, முகம் என்றால் விடக்கூடாது. சட்டம் கடைசியில் சந்திக்காது. பிழை எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க, மெல்லிய தையல் நூலால் துணியில் பத்துக்குப் பத்துக் கட்டங்கள் ஓடுங்கள். மாதிரியிலும் அதே பத்துக் கட்டக் கோடு இருக்கும், இரண்டையும் ஒப்பிட்டால் பிழைத்த கட்டம் சில நிமிடத்தில் அகப்படும். மறையும் மை பேனையால் கோடு போடுவதென்றால் ஒரு நிபந்தனை: கழுவி மை போகுமுன் இஸ்திரி படக்கூடாது, சூட்டில் சில மைகள் நிரந்தரமாகிவிடும். பிரிக்கும்போது துணியின் பின்பக்கத்தில் நான்கைந்து தையலுக்கு ஒருமுறை நூலை வெட்டி, முன்பக்கத்திலிருந்து மழுங்கிய ஊசியால் துண்டுகளைத் தூக்குங்கள். பிரித்த நூலைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம், பிசிர் எழும்பியிருக்கும்.

தொடக்கமே நடுவிலிருந்து தவறிப்போய், ஒரு பக்கத்தில் துணி போதாதா? 140க்கு 98 தையல் படம் 14 எண் துணியில் 10 அங்குலத்துக்கு 7. சட்டம் போடச் சுற்றிவரத் தலா 3 அங்குலம் வேண்டும், ஆகத் துணி 16க்கு 13. ஒரு பக்கத்தில் ஒன்றரை அங்குலமே மிஞ்சினால் ஓரத்தில் வெள்ளைப் பருத்திப் பட்டி ஒட்டுத் தைத்து நீட்டலாம். படம் சட்டத்துக்குள் போன பிறகு அது தெரியாது.

காபன் தாளால் பிரதி எடுத்த எம்பிறோய்டறியில் வேறு தொல்லை: தைக்காத கோடுகள் அழிந்திருக்கும், தைத்த இடத்தில் நீலம் படிந்திருக்கும். மிச்சப் பகுதியைத் தையற்காரர் பாவிக்கும் மஞ்சள் அல்லது வெள்ளைக் காபனால் திரும்ப எடுங்கள். தட்டெழுத்துக் காபன் துணிக்கு ஆகாது.

கறை பிடித்ததால் ஒதுக்கியவை

எதற்கும் முதல் சாயச் சோதனை. நனைத்த வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின்மேலும் ஒரு நிமிடம் அழுத்துங்கள். சிவப்பும் கறுப்பும் கடுநீலமும்தான் அதிகம் சாயம் விடும். சாயம் விட்டால் குளிர்ந்த நீரை மாற்றி மாற்றி அலசிக்கொண்டே இருங்கள். நீர் தெளிவாகும்வரை துணியைக் காயவிடக்கூடாது, காய்ந்தால் படிந்தது படிந்ததுதான்.

துரு விழுந்த வெள்ளைப் பருத்திக்குத் தேசிப்புளியும் உப்பும் போதும். கறையை நனைத்து, தேசிச்சாறு விட்டு, மேலே உப்புத் தூவி, ஒரு மணித்தியாலம் வெயிலில் வைத்து அலசுங்கள். போகாவிட்டால் இன்னொரு முறை. குளோரீன் கலந்த வெளுப்பான் துருவில் படக்கூடாது. கறை போகாது, கூடும். நிறத் தையல் பக்கத்தில் இருந்தால் தேசிச்சாற்றைப் பஞ்சுக்குச்சியால் கறையில் மட்டும் தொடுங்கள். வெயிலுக்கு வைக்க வேண்டாம்.

பூஞ்சணத்தை வீட்டுக்குள் தட்டாதீர்கள். வெளியில் காயவைத்து மென்மையான தூரிகையால் தட்டி, பிறகு துவையுங்கள்.

வெள்ளை றேந்தை துவைக்கத் துவைக்கச் சாம்பல் நிறமாவதற்குக் காரணம் நம் கிணற்று நீர். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லில் தங்குவதால் வன்மையானது. கட்டிச் சவர்க்காரம் அதோடு சேர்ந்து கரையாத மண்டியாகி நூலில் ஒட்டும். திரவச் சலவைக் கரைசலோ ஷாம்புவோ பாவியுங்கள். கடைசி அலசலுக்கு மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது இல்லை. இல்லாவிட்டால் ஒரு வாளி நீரில் கால் கோப்பை வினாகிரி.

முடிந்தும் முடியாதவை

பின்னல் முடிந்து பொருத்தலில் நிற்கும் வேலைகளுக்கு முதலிடம் கொடுங்கள். குறைந்த நேரத்தில் குவியலைக் குறைப்பவை இவைதான்.

சுவெற்றர் துண்டுகளை நனைத்து, துவாயின்மேல் அளவுக்கு விரித்து, துருப்பிடிக்காத குண்டூசியால் குத்திக் காயவைத்த பிறகே பொருத்த வேண்டும். சுருண்டு கிடக்கும் ஓரத்தைப் பொருத்துவதால்தான் அந்த வேலை எரிச்சல் தருகிறது. தோளை முதல், கையின் நடுவைத் தோள்மூட்டில் குத்தி இருபுறமும், கடைசியாகப் பக்கமும் கையும் ஒரே ஓட்டத்தில். நூல் நுனி ஒவ்வொன்றையும் ஐந்து செ.மீ. ஒரு திசையில் செருகி, இரண்டு செ.மீ. திரும்பச் செருகி வெட்டுங்கள். பருத்தி நூல் வழுக்கும், அதற்கு இன்னும் இரண்டு செ.மீ. கூட்டுங்கள். அடுத்த வேலையிலிருந்து நுனிகளை அந்தந்த வரிசையிலேயே செருகினால் இந்தப் பகுதிக்கே இடமிராது.

குரோசே விரிப்பு விறைத்து நிற்க ஒரு கோப்பை நீரில் ஒரு மேசைக்கரண்டி கோண்பிளவர் கரைத்துக் காய்ச்சி, ஆறியதும் தோய்த்துப் பிழிந்து விரியுங்கள். விரித்து வைக்கும் நாளில் மட்டும் கஞ்சி. உள்ளே வைக்கமுதல் கழுவி எடுத்துவிட வேண்டும்.

குறொஸ் ஸ்ரிச்சைச் சட்டம் போடக் கொடுக்கும்போது துணியைப் பசையால் ஒட்ட விடாதீர்கள். கழுவிய வெள்ளைப் பருத்தி சுற்றிய அட்டையில், பின்பக்கம் நூலால் குறுக்கும் மறுக்கும் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். கண்ணாடி தையலில் முட்டக்கூடாது. மாரியில் கண்ணாடியின் உட்புறம் வியர்த்தால் ஈரம் நேரே நூலுக்கு இறங்கும்.

ஆள் வளர்ந்துவிட்டவை

யாழ்ப்பாணத்தில் கம்பளிச் சட்டை உடுப்பவர் யார்? இங்கே பின்னும் சுவெற்றரில் பெரும்பகுதி குளிர் நாட்டிலிருக்கும் பேரப்பிள்ளைக்குப் போவது. ஆகவே இரண்டு தேதி இருக்கிறது: குளிர் தொடங்கும் மாதம், பிள்ளை அந்த அளவைத் தாண்டும் மாதம். மார்புச் சுற்றளவு மூன்று மாதத்தில் ஏறத்தாழ 40 செ.மீ., ஒரு வயதில் 45, இரண்டு வயதில் 50. சட்டைக்கு அதன்மேல் ஐந்து செ.மீ. தளர்வு. முதுகுத் துண்டு மட்டும் முடிந்திருந்தால் பிரித்துப் பெரிய அளவில் தொடங்குவது நல்லது. முன்பக்கங்களும் முடிந்திருந்தால் அதே அளவில் முடித்து, அடுத்து எந்த வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறதோ அங்கே கொடுங்கள். உறவுக்குள் பிள்ளை பிறந்துகொண்டேதான் இருக்கும். இனி அனுப்பத் தொடங்குவதை ஒரு வயது அளவில் தொடங்குங்கள்; பெரிதாக இருந்தால் அடுத்த குளிருக்கு ஆகும்.

கலியாணத்துக்கென்று தொடங்கிய கட்டில் விரிப்பு 40 செ.மீ. பட்டியாக நின்றால் அது இரண்டு குஷன் உறை. பாதி எம்பிறோய்டறி முடிந்த மேசைவிரிப்பின் தைத்த மூலையை வெட்டி எடுத்தால் தட்டம் மூடும் துணி. வெட்டுமுன் வெட்டுக்கோட்டுக்கு உள்ளே ஒரு செ.மீ. விட்டு மெஷினில் இரண்டு ஓட்டம் ஓடிவிடுங்கள்.

அம்மம்மாவோ ஆச்சியோ பாதியில் விட்டுப்போன வேலை வேறு கணக்கு. அவர் கையின் இறுக்கம் நமக்கு வராது. தொடர்ந்தால் தொடர்ந்த இடம் தெரியும். பிரித்தால் பழைய பருத்தி நூல் அறுந்து ஒன்றும் மிஞ்சாது. நிற்கிற கண்ணிகளை மூடி, நுனிகளைச் செருகி, கழுவி, நின்றபடியே வைத்திருப்பதுதான் சரி என்பது எங்கள் எண்ணம்.

மிச்சத்தைக் கொடுப்பதென்றால் சனசமூக நிலையத்துத் தையல் வகுப்புக்கோ மனைப்பொருளியல் படிக்கும் பிள்ளைக்கோ, மாதிரி, நூல், ஊசி, சீட்டு எல்லாம் ஒரே பையில் சேர்த்துக் கொடுங்கள். சீட்டில்லாத பை இன்னொரு வீட்டின் அலுமாரிக்குத்தான் போகும்.

கையில் மூன்று

ஒரே நேரத்தில் மூன்று வேலைக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. பகல் வெளிச்சமும் எண்ணலும் வேண்டும் ஒன்று. கதை பேசிக்கொண்டு செய்யக்கூடிய, ஒரே தையல் திரும்பத் திரும்ப வரும் ஒன்று. பொருத்தலில் நிற்கும் ஒன்று. மற்றவை சீட்டோடு உள்ளே இருக்கட்டும். ஒன்று முடிந்து வெளியேறினால்தான் அடுத்தது வெளியே வரும். குறொஸ் ஸ்ரிச் பழகிய கைக்கு மணித்தியாலத்துக்கு நூறு தையல் அளவில் நடக்கும். உங்கள் வேகத்தை ஒருமுறை மணிக்கூடு பார்த்து அளந்துகொள்ளுங்கள். 6,000 தையல் மிச்சம் என்றால் அறுபது மணித்தியாலம். நாளுக்கு அரை மணித்தியாலம் என்றால் நான்கு மாதம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் செய்ய விருப்பம் இருந்தால் வைத்திருங்கள். விருப்பம் இல்லாவிட்டால் இப்போதே கொடுத்துவிடலாம்.

எழும்பும்போது வரிசையின் நடுவில் நிறுத்த வேண்டாம். வரிசையை முடித்து, சீட்டில் எண்ணை மாற்றி, ஊசியை ஊசிப்பையில் குத்திவிட்டு எழும்புங்கள்.

மாரிக்குமுன்

புரட்டாதியில் ஒருமுறை எல்லாப் பைகளையும் திறந்து காற்றாட விடுங்கள். பனையோலை மூடல்பெட்டி வெயில் காலத்துக்கு அருமையானது. மாரியில் ஓலையே பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே கார்த்திகைக்குமுன் இறுக்க மூடும் பிளாஸ்ரிக் பெட்டிக்கு மாற்றுங்கள். மாற்றும்போது துணி முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். அரை ஈரத்தில் மூடிய பெட்டி திறந்த அலுமாரியைவிடக் கேடு. காய்ந்த வேப்பிலையைத் துணிப்பையில் கட்டி வைக்கலாம். பச்சையாகப் போட்டால் கறை விழும், அதோடு அது பூச்சியைத் தயங்க வைக்குமே தவிர முட்டையைக் கொல்லாது. அந்துருண்டை நூலில் நேரே முட்டக்கூடாது. பெட்டியை நிலத்திலோ சுவரோடு ஒட்டியோ வைக்காமல் ஒரு பலகையின்மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கறையான் வந்தால் மண் கோடு கண்ணுக்குப் படும்.